மாடவீதி வீடுகளும் 300 மீட்டர் கோடும்

நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 2002ஆம் வருஷம் நன்றாக நினைவிருக்கும். அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாக மத்திய தொல்லியல் துறை அறிவித்தது அந்த வருஷம்தான். ஊரே எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் தொல்லியல் துறை விலகிக்கொண்டது. கோயில் இன்றும் இந்து சமய அறநிலையத் துறையிடம்தான் இருக்கிறது.

இந்தக் கதையை யார் சொன்னாலும் பூஜை, தீபம், ஆகமம் என்று மதிலுக்கு உள்ளே இருக்கும் விஷயங்களைத்தான் சொல்கிறார்கள். மதிலுக்கு வெளியே எதிர்வரிசையில் இருந்த வீடுகளுக்கு அந்த அறிவிப்பு என்ன செய்திருக்கும், அது விலகிய பிறகு அந்த வீடுகள் என்ன ஆயின என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் இப்போது ஊருக்கு வந்தால், "திண்ணை வைத்த வீடெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். மத்திய அரசின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 1958ல் வந்தது. ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும் என்றால், முதலில் அந்த எண்ணத்தை அரசிதழில் வெளியிட்டு இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். சம்பந்தப்பட்ட யாரும் அதற்குள் ஆட்சேபணை எழுதலாம். இது கோயிலைப் பற்றியது. வீட்டுக்காரர்களைத் தொட்டது வேறொரு உத்தரவு. 1992ஆம் வருஷம் ஜூன் 16ஆம் தேதி ஓர் அறிவிக்கை வந்தது. பாதுகாக்கப்பட்ட எந்தச் சின்னமானாலும் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றது அது. முதல் பகுதியில் புதிதாகக் கட்டவே கூடாது. இரண்டாவதில் அனுமதி வாங்கிக் கட்டலாம். ஆக மொத்தம் 300 மீட்டர்.

இந்தக் கோடு தில்லியில் வரையப்பட்டது. வயல் நடுவே தனியாக நிற்கும் பழைய கற்றளிக்கும், ஆள் நடமாட்டமில்லாத கோட்டைக்கும், ஊர் நடுவே இருக்கும் கோயிலுக்கும் ஒரே அளவு. நம் கோயிலுக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வெளி மதில் கிழக்கிலும் மேற்கிலும் 700 அடி. தெற்கே 1,479 அடி, வடக்கே 1,590 அடி. உள்ளே இருக்கும் நிலம் சுமார் 25 ஏக்கர். மதிலைச் சுற்றி 100 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டால் அது சுமார் 41 ஏக்கர் வருகிறது. 300 மீட்டர் பட்டை போட்டால் 170 ஏக்கர். அதாவது கோயிலைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. மேற்கே மலையடிவாரம் கொஞ்சம் போக, மீதியெல்லாம் வீடும் கடையும் சத்திரமும்தான்.

எந்தெந்தத் தெரு என்று நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வட ஒத்தவாடை, தென் ஒத்தவாடை என்ற பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடை என்றால் வீட்டு வரிசை. இரண்டு பக்கமும் வீடு இருக்கிற தெருவுக்கு இரட்டை வாடை. ஒரு பக்கம் கோயில் மதில், எதிர்ப்பக்கம் மட்டும் வீடு என்பதால் இவை ஒற்றை வாடை. பேச்சு வழக்கில் ஒத்தவாடை. கோயில் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்காகவே பெயர் பெற்ற தெருக்கள் இவை. 100 மீட்டர் என்று கோடு போட்டால், வாசல் திண்ணை தொடங்கி கொல்லைக் கிணறு வரை முழு வீடும் அதற்குள் அடங்கிவிடும்.

அன்றைக்கு எழுந்த அச்சங்கள் இரண்டு வகை. ஒன்று வழிபாடு பற்றியது. தீபத் திருவிழாவின் பத்து நாளுக்கும் தில்லியிலிருந்து அனுமதி வர வேண்டுமோ, கும்பாபிஷேகத்துக்குத் தடை வருமோ, மடைப்பள்ளியில் அடுப்பு எரிக்கக் கூடாது என்பார்களோ என்று பேசிக்கொண்டார்கள். இந்த அச்சத்துக்கு ஓரளவு பதில் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. அங்கே பூஜை நின்றுவிடவில்லை. வழிபாட்டுத் தலமாக இருக்கும் சின்னத்தை அதன் தன்மைக்கு ஒவ்வாத காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் தேரும் திருவிழாவுமாக வருஷம் முழுவதும் ஓயாத நம் கோயிலை அவற்றோடு சேர்த்துப் பேச ஊருக்கு மனம் வரவில்லை. அதுவும் நியாயம்தான்.

இரண்டாவது அச்சம் வீடு. அதை மேடையில் உரக்கச் சொன்னவர்கள் குறைவு. சாமி காரியத்துக்காகப் போராடும்போது மாடி கட்டுவதைப் பற்றிப் பேசுவது அழகில்லை என்ற கூச்சம். ஆனால் டீக்கடையிலும் தேரடி முனையிலும் பேச்சு அதுதான். பையனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஓர் அறை போட முடியுமா? ஒழுகும் ஓட்டைப் பிரித்துத் தளம் போட முடியுமா? வீட்டை விற்றால் வாங்க ஆள் வருமா? வழிபாட்டு அச்சத்துக்குத் தஞ்சாவூரைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம். இந்தக் கேள்விகளுக்குச் சமாதானம் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. மாமல்லபுரத்தில் உறவுக்காரர்கள் இருந்தவர்கள், அங்கே ஒரு சமையலறையைப் பெரிதாக்குவதற்குப் படும் பாட்டைச் சொல்லி எல்லோரையும் இன்னும் பயமுறுத்தினார்கள்.

அந்த அச்சம் வீண் இல்லை என்பது பிறகு தெரிந்தது. 2010ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, உத்தரவாக இருந்த 100 மீட்டர், 200 மீட்டர் கோடுகளைச் சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் என்று ஒன்றும் அமைந்தது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடானால், 100 மீட்டருக்குள் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். அதற்கும் அனுமதி வேண்டும். இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவது என்றால், அது வெளிப்பட்டையில் உள்ளவர்களுக்கு மட்டும்தான். மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக அந்தந்த இடத்துக்கு ஏற்ற துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. தில்லிக் கோடு எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. 2002ல் நம் ஊர் விட்டுக்கொடுத்திருந்தால், மாடவீதியில் மதிலை ஒட்டிய முதல் வரிசை முழுக்க இந்த விதிக்குள் வந்திருக்கும்.

ஆகவே ஊர் எதிர்த்தது சரி என்றே நான் இன்றும் சொல்வேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. வேண்டாத விதி போனது. அதன் இடத்தில் வேண்டிய விதி எதுவும் வரவில்லை. அதற்குப் பின் வந்த இருபது வருஷத்தில், யாரும் உத்தரவு போடாமலேயே மாடவீதி மாறிப்போனது.

பழைய வீடு எப்படி இருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன். தெருவை ஒட்டி இரண்டு பக்கமும் திண்ணை. மேலே மரத்தூண் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. நிலைக்கதவைத் தாண்டினால் ரேழி, அப்புறம் கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றித் தாழ்வாரம். பின்கட்டில் சமையலறை, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். வசதி உள்ளவர்கள் வீட்டில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் பாவிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். வீட்டின் அகலம் இருபது அடி இருந்தால் நீளம் நூறு அடிக்குக் குறையாது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வருகிற வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் திண்ணையில் தலை சாய்க்கலாம், கேட்க வேண்டியதில்லை. விடிந்ததும் எழுந்து போய்விடுவார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இந்த வீடுகள் எப்படிப் போயின? ஒரே நாளில் யாரும் இடித்துத் தள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே இருந்தது.

பாகப்பிரிவினை ஒரு காரணம். இருபது அடி அகலமுள்ள வீட்டை இரண்டு அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பத்தடி. சுவர் முற்றத்தின் நடுவே வருகிறது. முற்றம் போனால் வெளிச்சமும் காற்றும் போயிற்று. அப்புறம் அதை வீடு என்று வைத்துக்கொள்ள முடியாது. இடித்து மேலே கட்டினால்தான் உண்டு.

அடுத்தது கூரை. காரை இடிக்கத் தெரிந்த கொத்தனார் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்த காலம் போய், மேலே சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் சுண்ணாம்போடு ஒட்டாது. விரிசல் விட்டது, ஒழுகியது, உத்திரம் உளுத்தது. அதைச் சரிசெய்ய வங்கிக்குப் போனால், கட்டடத்தின் வயதைக் கேட்டுவிட்டுக் கடன் இல்லை என்பார்கள். அதே மனையில் ஆர்.சி.சி. தளம் போட்டுப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னால் கடன் கிடைக்கும். காப்பதற்குக் காசு இல்லை, இடிப்பதற்கு உண்டு. இதையும் ஒரு வகை விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காத ஒன்று: தெருவே உயர்ந்தது. பழைய தார் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டு, இரண்டு படி ஏறி உட்கார்ந்த திண்ணை தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் ரேழிக்குள் புகுந்தது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். அதற்குள் நம் தெருக்களில் எத்தனையோ திண்ணைகள் மூழ்கியாயிற்று. தண்ணீர் புகும் வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டத்தான் எவரும் பார்ப்பார். வேறு சிலருக்கு, திண்ணையின் பாதி தெருப் புறம்போக்கில் இருக்கிறது என்று ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. நாலு தலைமுறையாக ஊருக்கே படுக்கை கொடுத்த திண்ணை ஒரே கடுதாசியில் ஆக்கிரமிப்பு ஆனது.

எல்லாவற்றுக்கும் மேலே கிரிவலம். 1989ல் நாம் தனி மாவட்டத்தின் தலைநகரம் ஆனோம். அலுவலகங்கள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், மனை விலை ஏறியது. தொண்ணூறுகளில் பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் சுற்ற வரும் கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது. அதுவரை திண்ணையில் சும்மா படுத்தவருக்கு இப்போது அறை தேவைப்பட்டது. அவரும் வாடகை கொடுக்கத் தயாராக இருந்தார். முன்கட்டு கடையானது, மாடி லாட்ஜ் ஆனது. ஓய்வூதியம் இல்லாத ஒரு வயதான தம்பதிக்கு மாதத்தில் இரண்டு நாள் அறை வாடகை என்பது மருந்துச் செலவு. அவர்களிடம் போய்ப் பாரம்பரியம் பேச எனக்கு வாய் வராது.

இப்படித்தான் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு நல்லதைச் செய்ய, தெருவுக்கு நல்லதைச் செய்ய ஆள் இல்லாமல் போயிற்று. வாடகை கட்டிய வீட்டுக்காரருக்கு. பழைய வாசலோடு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கோ இரண்டு பக்கமும் மூன்று மாடி எழும்பி, வெயிலும் காற்றும் மறைந்து, சுவரில் ஈரம் ஏறியது. அவரும் கடைசியில் இடித்தார்.

வீட்டை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படித்தால் அப்படித் தெரியவில்லை. சோழர் காலத்துப் பிரமதேயக் கொடைகளில், ஊராருக்குத் தரும் உரிமைகளின் பட்டியலில், சுட்ட செங்கல்லால் மாடி வைத்த வீடு கட்டிக்கொள்ளலாம் என்பதும் ஒன்று. உரிமை என்று எழுதித் தர வேண்டியிருந்தது என்றால், மற்றவர்களுக்கு அது இல்லை என்றுதானே பொருள்? இன்னும் தெளிவாகச் சொல்வது கொங்கு நாட்டுக் கரூர்க் கல்வெட்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு அரசன் ஒருவன் கம்மாளர்களுக்கு விடுத்த ஆணை அது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அனுமதி தருகிறான். கோயிலையே கட்டித் தந்த கைகள். தங்கள் சொந்த வீட்டுச் சுவரைப் பூச அரசாணை தேவைப்பட்டிருக்கிறது.

இதை நான் நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. கோயிலைச் சுற்றி யார் எப்படி வீடு கட்டலாம் என்ற கட்டுப்பாடு இந்த நாட்டில் வெறும் அழகுக்காக இருந்ததில்லை. யார் மேல், யார் கீழ் என்பதைக் காட்டுவதற்கும் அது பயன்பட்டிருக்கிறது. ஆகவே புதிதாக ஒரு விதி வரும் என்றால், அது யாரைக் காக்கிறது, யாரைக் கட்டிப்போடுகிறது என்று கேட்பது நம் உரிமை, கடமையும்கூட.

ஆனால் எல்லோரும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு கட்டுப்பாடும் நம் ஊரில் உண்டு. அது தேர். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்களும் மாடவீதியைச் சுற்றி வர வேண்டும். பெரிய தேர் திரும்புவதற்கு முனையில் இடம் வேண்டும். அதற்காகச் சாய்ப்பைக் குறைத்தார்கள், பந்தலைப் பிரித்தார்கள், தகரத்தை இறக்கினார்கள். யாரும் வழக்குப் போடவில்லை. ஏன்? விதி எல்லோருக்கும் ஒன்று. காரணம் கண்ணுக்கு முன்னால் அசைந்து வருகிறது. அதனால் நட்டப்பட்டவர் என்று எவரும் இல்லை. நல்ல விதிக்கு இதைவிட எளிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

வெளியே இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். ஒரு கட்டடத்தை மட்டும் காப்பது போதாது, அதைச் சுற்றியுள்ள பகுதியையே காக்க வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பிரான்சில் 1962ல் சட்ட வடிவம் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1967ல் வந்தது. அங்கே முதலில் அறிவிக்கப்பட்டது ஸ்டாம்ஃபோர்டு என்ற சின்ன ஊர். அந்த எண்ணத்தில் கவனிக்க வேண்டியது இது: நினைவுச் சின்னத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று அளப்பதில்லை. எந்தத் தெருவுக்குத் தனி முகம் இருக்கிறதோ அந்தத் தெருவைக் குறிக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நமக்கு நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது புதுச்சேரி. அங்கே வெள்ளைக்காரத் தெருக்களை மட்டும் காப்பாற்றினார்கள் என்று நினைப்பவர்கள், வைசியாள் வீதிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள் அந்தத் தெருவில் வரிசையாக இருந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து சுமார் இருபது வீடுகளின் முகப்பைச் சீர்செய்தன. வீட்டுக்காரர்களும் அதில் பங்கெடுத்தார்கள். 2008ல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. முகப்புச் செலவில் பாதி வரை கொடுக்கும் திட்டத்தையும் இன்டாக் அங்கே நடத்தியது. உள்ளே குளியலறை கட்டு, குளிர்சாதனம் வை, அது உன் விருப்பம். தெருவுக்குத் தெரியும் முகத்தைக் காப்பாற்று, அதற்கு நாங்களும் பங்கு தருகிறோம். பேரம் அவ்வளவுதான்.

மதுரையில் வேறு வழி. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது அரசாணை. கோபுரம் கண்ணுக்கு மறையக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல விதி, எளிய விதி. ஆனாலும் மீறி எழும்பிய கட்டடங்களுக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கிறது. கண்காணிக்க ஆள் இல்லாத விதி, அதை மதித்து நடப்பவருக்கு மட்டும்தான் நட்டம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் காலிக் கோட்டை 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கோட்டைக்குள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. வீடுகள் அழகாகக் காப்பாற்றப்பட்டன, விலையும் ஏறியது. வெளிநாட்டார் வாங்கி விடுதிகள் ஆக்கினார்கள், பழைய குடும்பங்கள் பல வெளியேறின. வீடு நிற்கிறது, வீட்டுக்காரர் இல்லை. வெளிநாட்டார் வந்து தங்கும் நம் ஊருக்கும் அந்த ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, எனக்குச் சரி என்று படுவதைச் சொல்கிறேன். மாடவீதிக்கு என்று ஒரு விதி வேண்டும். அது மீட்டர் கணக்கில் பட்டை போடாமல், பெயர் சொல்லித் தெருக்களைக் குறிக்க வேண்டும். வீட்டுக்குள்ளே கை வைக்கக் கூடாது; உயரத்தையும் தெருமுகத்தையும் மட்டும் பேச வேண்டும். திண்ணை வைத்த வீட்டுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் தராமல், அதை வைத்திருப்பதற்காக வீட்டு வரியில் சலுகை தர வேண்டும். காரை வேலைக்குக் கடனோ மானியமோ கிடைக்க வேண்டும். அனுமதி கேட்டு வருகிறவருக்கு, ஆறு மாதம் அலையவிடாமல், இந்த ஊரிலேயே பதில் கிடைக்க வேண்டும்.

அந்த விதி அரசாங்கத்தையும் கட்ட வேண்டும். 2023ல் ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்ட அறநிலையத் துறையே திட்டம் போட்டது நினைவிருக்கும். எதிர்ப்பு எழுந்தது, விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அங்கே கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. 217 அடிக் கோபுரத்தை மறைக்கக் கூடாது என்று அரசிடம் நாம் கேட்டோம். அதே கேள்வியை நாளைக்கு நம்மிடம் யாராவது கேட்டால், பதில் வைத்திருக்க வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 1971ஆம் வருஷத்து நகர், ஊரமைப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் போடும்போது, வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைக் காப்பதையும், கட்டடங்களின் முகப்பையும் உயரத் தோற்றத்தையும் ஒழுங்கு செய்வதையும் அதில் சேர்க்கலாம். வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணையும் யோசனையும் கேட்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2012ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையத்துக்கு என்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். அது பல வருஷம் காகிதத்திலேயே கிடந்தது. கருவி இருந்தது, கையில் எடுக்க ஆள் இல்லை.

2024ல் நம் நகராட்சி மாநகராட்சி ஆகிவிட்டது. எல்லை விரிகிறது, திட்டங்கள் வரும், வரைவுகளும் வரும். அப்போது ஆட்சேபணை எழுதுகிறவர்கள் லாட்ஜ் முதலாளிகளும் மனை வியாபாரிகளும் மட்டுமாக இருக்கக் கூடாது. 2002ல் "எடுத்துக்கொள்ளாதே" என்று சொல்லப் போனவர்களில் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த முறை என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவும் அவர்களே போகலாம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. தெருமுகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் அதிகம் இல்லை. ஆனால் மாடவீதிக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் பழைய கல்யாண ஆல்பம் இருக்கும். மாப்பிள்ளை அழைப்பு, காசி யாத்திரை, தேரன்று வாசலில் எடுத்த படம் எதுவாகவும் இருக்கலாம். மனிதர்களுக்குப் பின்னால் தூணும் திண்ணையும் நிலைக்கதவும் தெரியும். அந்தப் படங்களை எடுத்து, பின்பக்கத்தில் தெருப் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். தேதி போட்ட பழைய வரைபடமோ விலைப் பத்திரமோ இருந்தால் அதையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வரைவு வரும் நாளில் நம் பேச்சுக்கு அவைதான் சாட்சி.